பதினேழாம் பக்கத்துக் கண்டென்சர்

விருத்தாசலத்துக்கு நான் போனது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. 1974 மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறு பத்துக்குத் திருச்சி ஜங்ஷனிலிருந்து விழுப்புரம் பாசஞ்சர். டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. தூரம் நூற்றிருபத்து நான்கு கிலோமீட்டர். மீட்டர் கேஜ் வண்டி. நேரத்துக்குப் போனால் பத்தே காலுக்கு விருத்தாசலம். கையில் பெட்டி இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்னத் திருப்புளியும் ஒரு கண்டென்சரும் இருந்தன. கண்டென்சர் புளியங்கொட்டை அளவு, அரக்கு நிறம், இரண்டு பக்கமும் கம்பிக் கால். அதை ஒரு நண்பரின் ரேடியோவில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். நான் புறப்பட்டது அதற்காகத்தான்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையால் ரேடியோ கட்டும் பைத்தியம் பிடித்த ஏழு பேர், ஏழும் வேறு வேறு தொழில், நாங்கள் ஒரு வட்டமாக இருந்தோம். பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவார், ஒருவர் மரப்பெட்டி செய்வார், ஒருவர் சென்னைக்குப் போய் பழைய கண்ணாடி வால்வுகளைப் பொறுக்கி வருவார். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்த தாவூது பாய் எங்கள் எல்லோருக்கும் பீங்கான் சாமான் சுட்டு அனுப்புவார். நான் சர்க்யூட் வரைந்து கொடுப்பவன்.

வட்டத்துக்கு ஒரு ஏடு உண்டு. நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றுக்கு ஆயில் துணி உறை. பதிவுத் தபாலில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய் நாலைந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். ஏட்டில் ஒரு படத்தை வரைந்தால் அதன் அடியில், ‘கட்டிப் பார்த்தேன். ஒரு மாதம் ஓடியது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கட்டாததை வரையக் கூடாது. பிறகு தவறு தெரிந்தால் சிவப்பு மையில் திருத்தி, தேதி போட்டு, கையெழுத்திட வேண்டும். இந்த இரண்டைத் தவிர எங்களுக்கு வேறு சட்டம் கிடையாது. யாரும் யாரையும் சோதித்ததில்லை. அடியில் அந்த வரி இருந்தால் போதும்.

அந்த ஏட்டின் பதினேழாம் பக்கத்தில் நான் வரைந்தது டிரான்ஸ்பார்மர் இல்லாத ஒரு ஐந்து வால்வு ரேடியோ. டிரான்ஸ்பார்மர் விலை அதிகம், கனம் அதிகம். அது இல்லாவிட்டால் பாதிச் செலவில் ரேடியோ கட்டிவிடலாம். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக உள்ளே இருக்கும் தகட்டில் போய்ச் சேரும். பிளக்கில் இரண்டு கால். ஒரு பக்கமாகச் செருகினால் தகடு சாது. திருப்பிச் செருகினால் தகடு முழுவதும் இருநூற்று முப்பது வோல்ட்; காயில் வழியே அதோடு சேர்ந்திருக்கும் ஏரியலிலும், அதாவது அலை பிடிக்கும் வெளிக் கம்பியிலும், அதேதான். அதனால் ஏரியல் முனையில் ஒரு சின்னக் கண்டென்சர் வைப்பார்கள். அது வானொலி அலையை உள்ளே விடும்; சுவர் மின்சாரத்தை வெளியே விடாது.

என் படத்தில் அந்தக் கண்டென்சர் இல்லை. நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து நான் அதை எடுத்தேன். பக்கத்தின் ஓரம் கிழிந்திருந்தது. ஏரியல் இருக்கும் ஓரம். கிழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்காமல் ஒரு நேர்க்கோட்டை இழுத்து முடித்தேன். ஏட்டை அடுத்தவருக்கு அனுப்பும் கெடு நெருங்கிவிட்டது. பரீட்சைத் தாள்கள் மேசையில் குவிந்திருந்தன. அடியில் எழுதினேன்: ‘கட்டிப் பார்த்தேன். ஒரு மாதம் ஓடியது.’ நான் கட்டவும் இல்லை, அது ஓடவும் இல்லை.

வியாழக்கிழமை மாலை தாவூது பாயின் இன்லண்ட் கடிதம் வந்தது. பதினேழாம் பக்கத்து ரேடியோவைக் கட்டி முடித்துவிட்டாராம். அறைக்குள் ஒரு துண்டு வயரை ஏரியலாக வைத்தே நன்றாகப் பாடுகிறதாம். ‘வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மங்கலம்பேட்டையில் தங்கை நூர்ஜஹான் வீட்டில் மாட்டுகிறேன். மாப்பிள்ளை குவைத்துக்குப் போனதிலிருந்து அது தனியாக இருக்கிறது. அவர்கள் முற்றத்தில் துணி காயப்போடும் கொடிக் கம்பி முப்பது அடி நீளம். அதையே ஏரியலாகப் போட உத்தேசம்’ என்று எழுதியிருந்தார்.

‘கொடிக் கம்பி’ என்ற இடத்தில் என் கண் நின்றது. சுவர், பிளக், தகடு, காயில், நான் இழுத்த நேர்க்கோடு, முற்றத்துக் கம்பி, ஈரத் துணி, ஒரு பெண்ணின் கை. எல்லாம் ஒரே வரியாகத் தெரிந்தது.

ஒரு தந்தி கொடுத்திருந்தால் அன்று இரவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ‘ஏரியல் மாட்டாதே. படத்தில் தவறு.’ ஆனால் எங்கள் பகுதித் தந்தி ஆபீசில் உட்கார்ந்திருந்த நடராஜன் எங்கள் வட்டத்தில் ஒருவர். அந்த வாசகத்தை எண்ணி, எழுதிக்கொண்டு, கட்டணம் சொல்லப்போவது அவர்தான். கட்டிப் பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார். ஊரில் வேறு தந்தி ஆபீசுகளும் இருந்தன. சைக்கிளில் இருபது நிமிடம். நான் போகவில்லை. போயிருந்தாலும் தாவூது பாய் நாளைக்குக் காரணம் கேட்பார் என்று நினைத்தேன். காலை வண்டியில் போனால் தொழுகைக்கு முன்பே சேர்ந்துவிடலாம், கண்டென்சரை வைத்துவிடலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

வண்டி லால்குடி தாண்டும்வரை சரியாகத்தான் போயிற்று. அரியலூருக்கு எட்டரை. செந்துறையில் ஒன்பதே காலுக்கு நின்றது, நின்றது நின்றதுதான். எதிரே ஒரு சரக்கு வண்டி வர வேண்டுமாம். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். எதிர் சீட்டில் பெண்ணாடத்துக்குப் போகும் ஒரு வெற்றிலை வியாபாரி கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சார், எட்டி எட்டிப் பாக்குறீங்க? நீங்க பாத்தா வண்டி பயந்துக்குனு கெளம்பிருமா?”

“ஒரு மணிக்குள்ள மங்கலம்பேட்டை போகணும்ங்க.”

“சாவா, வாழ்வா?”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தப்பா கேட்டுட்டேன், உக்காருங்க” என்று கூடையை நகர்த்தி இடம் விட்டார்.

ஒரு மணி இருபது நிமிடம் கழித்துத்தான் சரக்கு வண்டி போயிற்று. விருத்தாசலத்தில் இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஊரில் சூளைப் பக்கம் போனால் எல்லாம் வெள்ளை. ரயிலடியிலிருந்து குதிரை வண்டியில் ஒரு ரூபாய் கொடுத்துப் போனேன். வேலிச் செடி, சைக்கிள், தெருநாய் எல்லாவற்றின் மேலும் மாவு போலப் பீங்கான் மண் படிந்திருந்தது. புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. நீளப் பலகைகளில் சுடாத சாமான்கள் வெயிலில் காய்ந்தன. ஒரு பலகையில் ஃபியூஸ் கட்டைகள், ஒன்றில் ஊறுகாய் ஜாடிகள், ஒன்றில் கண் எழுதாத பொம்மைகள். எங்கள் ஊரில் மலையும் கோயிலும் பார்த்துப் பழகியவனுக்கு அது வேறு உலகம். வேறொரு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

தாவூது பாய் வேலை செய்த கூடத்தில் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து சுட்ட சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காசால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கணீர், கணீர் என்ற சத்தம்.

“தாவூது பாய் இருக்காருங்களா?”

“யாரு, ரேடியோ பாயா?” என்றாள் மூத்தவளாகத் தெரிந்த ஒருத்தி. பெயர் செல்லம்மா என்று பிறகு தெரிந்தது. “இன்னிக்கி லீவு போட்டுட்டாருங்க. பத்து மணி பஸ்ஸுல தங்கச்சி வூட்டுக்குப் பொட்டியத் தூக்கிக்கினு போயிட்டாரு. அந்தப் பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்புனப்பகூட அவ்ளோ பத்தரமா அனுப்பல.”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

“நீங்க எந்தூருங்க?”

“திருச்சி.”

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “அட, படம் போடுற சாரா? உங்களப் பத்தித்தான் அவருக்குப் பேச்சே. ‘சாரு கையெழுத்துப் போட்டுட்டா கண்ண மூடிக்கினு கட்டலாம் செல்லம்மா’ம்பாரு. உக்காருங்க, டீ சொல்றேன்.”

“வேண்டாம்மா. அவசரம்.” ஆனாலும் வாய் தன்னால் கேட்டது: “இது எதுக்குத் தட்டுறீங்க?”

“விரிசல் பாக்கத்தாங்க. கண்ணுக்குத் தெரியாத விரிசலு காதுக்குத் தெரியும். இதக் கேளுங்க.” கணீர். “இதக் கேளுங்க.” டொக். இரண்டாவதைத் தூக்கி ஓட்டுக் குவியலில் போட்டாள். “பாயி சுண்டிப் பாக்காம எதையும் வெளிய வுட மாட்டாரு. டீ கிளாஸக்கூட சுண்டிட்டுத்தான் குடிப்பாரு, பைத்தியம்.”

பஸ்ஸுக்குப் பாலக்கரைக்குப் போகச் சொன்னாள். எங்கள் திருச்சியிலும் ஒரு பாலக்கரை உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு கணம் வீட்டுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அங்கே நின்றேன். ஒன்று பத்துக்குத்தான் பஸ். ஒன்பது மைலுக்கு ஐம்பத்தைந்து காசு. உள்ளே கால் வைக்க இடமில்லை.

“நிக்க எடம் இருக்குது, உக்கார மங்கலம்பேட்டையிலதான் எடம்” என்று டிக்கெட் கிழித்தார் கண்டக்டர். வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி ஒருவர் ஆட்டுக்குட்டியை ஏற்றினார். அதற்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று ஐந்து நிமிடம் வாதம். நான் சட்டைப் பையில் கண்டென்சரின் கம்பிக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் குரல் உயர்ந்துவிட்டது. “அதுக்கும் சேத்து நான் காசு தரேன், வண்டிய எடுங்க!” பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. “சாருக்கு ஆடு மேல பாசம்” என்றார் கண்டக்டர்.

மங்கலம்பேட்டையில் இறங்கும்போது மணி ஒன்று ஐம்பது. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. கடைகள் பாதிக் கதவு திறந்திருந்தன. துணிக்கடை வாசலில் நின்ற ஒரு பெரியவரிடம், “குவைத்துக்காரர் வீடு” என்று கேட்டேன்.

“இங்க பாதி வூடு சிங்கப்பூரு, மீதி வூடு குவைத்து. பேரச் சொல்லுங்க தம்பி.”

“நூர்ஜஹான். அண்ணன் தாவூது, விருத்தாசலம் சூளையில வேலை.”

“ரேடியோ பாயி தங்கச்சியா? ரெண்டாவது சந்துல திரும்புங்க. காது இருந்தா போதும், வூடு தெரியும்.”

அவர் சொன்னது சரி. சந்தில் திரும்பும்போதே ஒரு வீட்டிலிருந்து பாட்டுக் கேட்டது. தெளிவான, இரைச்சல் இல்லாத பாட்டு. மாட்டியாயிற்று. பாடுகிறது. ஒருவரும் அலறவில்லை. பிளக் சாதுவான பக்கமாகத்தான் செருகியிருக்கிறது.

கதவைத் தட்டினேன். மெலிந்த, நெட்டையான ஒருவர் திறந்தார். விரல் நகங்களின் அடியில் வெள்ளை மண். அவர்தான் என்று தெரிந்தது. எட்டு வருஷக் கடிதப் பழக்கம், முகம் அன்றுதான்.

“நான் திருச்சி…” என்று ஆரம்பித்தேன்.

“சார்!” என்று இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்தார். “நீங்களா சார்? கனவுகூட இப்பிடி வராது சார்! நூரு, யாரு வந்துருக்காங்க பாரு!”

பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம், அப்படியே வந்தேன் என்று சொன்னேன். அன்றைய முதல் பொய் அது. நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்கதவருகே வந்து நின்றார். இருபத்தைந்து வயது இருக்கும்.

“இவங்களாண்ணே அந்த சாரு? நான் தாடி நரச்ச ஆளா இருப்பாங்கன்னுல்ல நெனச்சேன். சாரு, நீங்களே நாயம் சொல்லுங்க. கொடியில இந்த அண்ணன் வயரக் கட்டிட்டாரு. இனிமே ஈரத் துணிய எங்க போடுறது, அவரு தல மேலயா?”

“அதுலயே போடு புள்ள, துணி போட்டா பாட்டு நனையாது” என்றார் தாவூது.

கூடத்து மேசையில் ரேடியோ இருந்தது. முற்றம் அதை ஒட்டித்தான். கம்பியின் இரண்டு முனையிலும் முட்டை வடிவில் வெள்ளைப் பீங்கான் கட்டியிருந்தார், அவரே சுட்டவை. மின்சாரம் சுவர் வழியே ஒரு துளிகூடக் கசிய முடியாத அருமையான வேலை. அந்த அருமையால், கம்பிக்கு வரும் மின்சாரம் முழுவதும் அதைத் தொடுகிற கைக்காகவே காத்திருக்கும்.

இங்கே நான் நிதானமாக எழுத வேண்டும். அந்த ஏழு நிமிடங்களை நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறேன்.

“சார், நீங்க போட்ட படம். நீங்களே உள்ள பாத்துச் சொல்லணும்” என்று தாவூது பாய் பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. பெட்டியைத் திருப்பி என் பக்கம் பின்புறத்தைக் காட்டினார். ஏரியல் கம்பி உள்ளே போகும் துளையில் ஒரு பீங்கான் புஷ், விரல் நுனி அளவு. கம்பி தகட்டில் படாமல் இருக்க அவர் செய்தது. அதன் முனையில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தி, கம்பியை எடுத்து, இடையில் கண்டென்சரை வைத்து முடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. திருப்புளி என் பையில் இருந்தது. பிளக் வெளியே கிடந்தது. அறையில் அவர் ஒருவர்தான். ‘பாய், ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு’ என்று சொன்னால் முடிந்தது.

“சால்டரிங் பிரமாதம், பாய்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “நிசமாவா சார்?”

எப்படிச் சொல்லலாம், என்ன காரணம் காட்டினால் என் கையெழுத்து தப்பிக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ‘புதிதாக ஒரு பத்திரிகையில் படித்தேன், இப்படி வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்’ என்று சொல்லலாம் என்று தோன்றியது. வாக்கியத்தை மனதுக்குள் சரி செய்துகொண்டிருந்தேன். அதற்குள் அவர் பெட்டியைத் திருப்பி வைத்து, குனிந்து, பிளக்கைச் செருகிவிட்டார். எந்தப் பக்கமாகச் செருகினார் என்று நான் பார்க்கவில்லை.

வால்வு சூடேற அரை நிமிடம். பாட்டு வந்தது. முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம். சாப்பிட விரித்த துணியை நூர்ஜஹான் அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். “பாய், அந்த ஏரியல்ல…”

பாட்டு அமுங்கி ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. அலறல் இல்லை. முற்றத்தில் நூர்ஜஹான் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிடித்தார் என்பதைவிட, கம்பி அவரைப் பிடித்திருந்தது. வெறுங்கால், ஈரத் தரை. தாவூது பாய் ஓடவில்லை. மேசையோடு சேர்த்துப் பிளக் வயரை இழுத்தார். ரேடியோ தரையில் விழுந்து வால்வுகள் உடைந்தன. நூர்ஜஹான் துவைக்கும் கல்லின் மேல் சாய்ந்தார்.

மூச்சு இருந்தது. வலது உள்ளங்கையில் கம்பியின் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. மணிக்கட்டு கல்லில் மோதி முறிந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். கடைத்தெருவிலிருந்து டாக்டர் வந்து கட்டுப் போட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை, விரல்களைப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். கண் திறந்ததும் நூர்ஜஹான் பேசிய முதல் பேச்சு: “சாருக்கு டீ குடுத்தியாண்ணே?”

நாலரை மணி இருக்கும். உடைந்த பெட்டியின் அருகில் தாவூது பாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நான். அவர் ஏரியல் துளையிலிருந்து அந்தப் பீங்கான் புஷ்ஷைக் கழற்றினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இடது கையில் பிடித்து, நகத்தால் இரண்டு முறை சுண்டினார். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இதுல விரிசல் வுட்டுருக்குமோ சார்? கம்பி தகட்டுல பட்டுருக்குமோ?”

அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெளியே யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

“இருக்கலாம்” என்றேன்.

“அப்ப என் சூளைதான்” என்றார். புஷ்ஷை என் கையில் வைத்தார். “தங்கச்சி கையில நான்தான் தீ வச்சேன்.”

பஸ் ஏற்ற வந்தபோது ஆயில் துணி உறையோடு ஏட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சுற்றில் அவருக்கு அடுத்தவர் நடராஜன்தான். “தபால்ல எதுக்கு சார், நீங்க அங்கதான போறீங்க. அவருகிட்ட குடுத்துருங்க.” பஸ் நகர்ந்தபோது, “போயிட்டு வாங்க சார்” என்று கை தூக்கினார்.

மாலை ஆறு நாற்பது. விருத்தாசலம் பிளாட்பாரத்தில் திருச்சி வண்டிக்காகக் காத்திருந்தேன். பையில் கை விட்டபோது புஷ்ஷும் பயன்படாத கண்டென்சரும் ஒன்றாக வந்தன. பகலில் செல்லம்மா செய்தது போல ஒரு பத்துக்காசால் புஷ்ஷைத் தட்டினேன். கணீர் என்றது. இன்னொரு முறை தட்டினேன். விரிசல் இல்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: அவர் நகத்தால் சுண்டியபோதும் இதே சத்தம்தான் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால், பத்து வருஷமாகச் சுண்டிப் பார்த்தே சோறு தின்றவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

அங்கிருந்து வெளியே போய்க் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போயிருக்கலாம். வண்டி வந்தது. ஏறிவிட்டேன்.

பெண்ணாடம் தாண்டியதும் ஏட்டைத் திறந்தேன். பதினேழாம் பக்கம் அவர் கைபட்டு ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. என்னிடம் சிவப்புப் பேனா இல்லை என்று எழுதலாம், அது பொய். பரீட்சைத் தாள் திருத்துகிறவன் சட்டைப் பையில் சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். நான் எடுத்தது நீல மைப் பேனா. படத்தை வரைந்த அதே பேனா. ஏரியல் நேர்க்கோட்டின் நடுவே திருப்புளி நுனியால் கொஞ்சம் சுரண்டி, இரண்டு சின்னக் கோடுகளைப் பக்கம் பக்கமாக வரைந்தேன். கண்டென்சரின் குறி அவ்வளவுதான். சுரண்டிய இடத்தைப் பற்றி யாராவது கேட்டால், வரையும்போதே திருத்தியது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முதலிலிருந்தே சரியாக இருந்த பக்கம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. அது நான் கட்டியது அல்ல. கடையில் வாங்கியது, நல்ல டிரான்ஸ்பார்மர் வைத்தது. அதன் ஏரியலும் எங்கள் கொல்லைக் கொடிக்கு மேலேதான் ஓடியது. என் மனைவி அந்தக் கம்பியில் ஈரத் துணியைப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. மங்கலம்பேட்டை முற்றத்துக்கும் என் வீட்டுக் கொல்லைக்கும் நான் கண்ட வித்தியாசம் அதுதான்.

ஏடு ஒரு சுற்றுச் சுற்றி ஆடி மாதத்தில் மறுபடி விருத்தாசலம் போயிற்று. பத்து நாளில் எனக்கு ஒரு கார்டு வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

‘மதிப்பிற்குரிய சாருக்கு. ஏடு வந்தது. பதினேழாம் பக்கம் பார்த்தேன். ஏரியல் முனையில் கண்டென்சர் போட்டிருக்கிறது. நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். தங்கையிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அதற்கு இரண்டு விரல் மடங்கவில்லை. இடது கையால் தைக்கப் பழகிக்கொண்டது. இனி என் பெயரை வட்டத்திலிருந்து எடுத்துவிடவும். நண்பர்களுக்காகப் பத்து புஷ் தனியே அனுப்பியிருக்கிறேன். பத்தையும் சுண்டிப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். தாவூது.’

தெரிந்துதான் எழுதினாரா, நம்பித்தான் எழுதினாரா என்று வெகுகாலம் யோசித்தேன். மூன்று வாரம் தினமும் பார்த்துக் கட்டிய படத்தில் ஒரு கண்டென்சர் புதிதாக முளைத்திருந்தால் அவருக்குத் தெரியாதா? ஆனால் இந்த யோசனைகூட ஒரு தப்பித்தல்தான். அவருக்குத் தெரிந்திருந்தால் என் பாரம் குறைந்துவிடும் என்று நான் நினைத்திருக்கிறேன். நான் பதில் எழுதினேன். நலம் விசாரித்தேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. அவர் திரும்ப எழுதவில்லை.

வட்டம் மெல்லக் கலைந்தது. ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், தாவூது பாயும்தான். கடைசியில் ஏடு என்னிடம் நின்றுவிட்டது. நேற்று காலை பதினேழாம் பக்கத்தைத் திறந்து சிவப்பு மையில் எழுதினேன்: ‘இந்தப் படத்தை நான் கட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கண்டென்சர் முதலில் இங்கே இல்லை. தாவூது கட்டியதில் தவறு இல்லை.’ தேதி போட்டேன். கையெழுத்திட்டேன்.

நூர்ஜஹான் அம்மாள் அதே வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏட்டை எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். விருத்தாசலத்தில் இறங்கிப் பாலக்கரையில் பஸ் ஏறினால் ஒன்பது மைல். வழி தெரியும்.